நிழல் தெற்கே விழுந்த மதியம்: ஒரு குச்சியை வைத்து பூமியை அளந்த கதை

சூரியன் எப்போது நேர் உச்சிக்கு வரும் என்று கேட்டு, துண்டுத்தாளில் எழுதித் தரச் சொன்னேன். 11 பேரில் 9 பேர் "தினமும் மதியம் 12 மணி" என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி "கத்திரி வெயிலில்" என்று எழுதியிருந்தாள். அது கிட்டத்தட்ட சரி, ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டால் "அப்போதான் சார் மண்டை காயுது" என்றாள். மிச்சம் இருந்த ஒருவன் தாளை வெறுமையாகவே நீட்டினான்.

சென்னையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், வாரத்தில் மூன்று நாள், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித் தருகிறேன். காசு வாங்காத டியூஷன், அதனால் பிள்ளைகள் வருவதும் நிற்பதும் அவர்கள் இஷ்டம். இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வட்டத்தின் சுற்றளவு 2πr என்பார்கள், இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள், விகிதசமக் கணக்கு கொடுத்தால் குறுக்கே பெருக்கி விடை எடுத்துவிடுவார்கள். இந்த மூன்றும் ஒரே கணக்கில் வந்தால் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதைத்தான் ஒரு முறை வேறு மாதிரி செய்து பார்ப்போம் என்று நினைத்தேன். இரண்டு ஊரில் இரண்டு கம்பு நட்டு, நிழலை அளந்து, பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிப்பது. புது யோசனை ஒன்றும் இல்லை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்ததுதான்.

அவருக்கு சையீன் என்ற ஊர், இப்போதைய அஸ்வான். அங்கே கோடையின் ஒரு நாளில் நண்பகல் சூரியன் நேர் மேலே இருக்கும். அதே நாளில் வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் நிழலின் கோணம் ஒரு முழு வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவு), அதைப் போல 50 மடங்கு பூமி, ஆக மொத்தச் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. ஒரு ஸ்டேடியா எத்தனை மீட்டர் என்பதில் இன்றுவரை சண்டை இருக்கிறது, அதை விடுங்கள்.

நமக்கு சையீன் சென்னைதான். சென்னை வடக்கே சுமார் 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. சூரியன் நேர் மேலே நிற்கும் இடம் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது, அதனால் சென்னையை இரண்டு முறை கடக்கும். போகும்போது ஏப்ரல் 24 வாக்கில், திரும்பும்போது ஆகஸ்ட் 18 வாக்கில். நிழலில்லா நாள் என்று செய்தித்தாளில் வருவது இதுதான். மற்ற எல்லா நாளிலும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே அல்லது தெற்கேதான். டெல்லிக்காரர்களுக்கு அந்த இரண்டு நாளும் கிடையாது, டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு டெல்லியை ஜெயித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

இன்னொரு ஊர் கன்னியாகுமரி, 8 டிகிரி. அங்கே என் சித்தி மகள் டியூஷன் எடுக்கிறாள். போன் போட்டேன். "நீங்க சொன்னா செஞ்சிரலாம்ணே, பிள்ளைகளையும் சேத்துக்கிடுறேன்" என்றாள்.

ஏப்ரல்

முதல் வேலை கம்பை நேராக நிறுத்துவது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் ஒரு மீட்டர் கம்பு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் நிழல் நுனி ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். நாங்கள் அளக்கப் போகும் நிழலே எட்டு ஒன்பது சென்டிமீட்டர்தான் என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார்கள், அது ஒரு விரல் நீளம், ஒரு மீட்டர் கம்புக்குப் போதவில்லை. அப்போதுதான் வெறும் தாள் கொடுத்தவன் "தூக்குக்குண்டு விட்டுப் பாக்கலாம் சார்" என்றான். அவன் மாமா கொத்தனார். மறுநாள் குண்டும் வந்தது, ரசமட்டமும் வந்தது. ரசமட்டத்தைத் தரையில் வைத்தவன் "மாடியில தண்ணி ஓட வாட்டம் விட்டிருப்பாங்க சார், தரையில வச்சு அளந்தா தப்பு" என்று சொல்லி, ஒரு பலகையைக் கொண்டுவந்து அடியில் ஓட்டுத்துண்டு செருகி மட்டம் பார்த்தான். எனக்கே தோன்றாத விஷயம். குமரிப் பிள்ளைகளுக்கும் அவனே போனில் சொன்னான், குண்டு இல்லையென்றால் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், காத்து அடித்தால் கல்லை ஒரு வாளித் தண்ணீருக்குள் விடுங்கள், ஆடாது என்று.

அதற்கு முந்தைய வகுப்பில் ஒரு தர்பூசணி வாங்கி இரண்டாக வெட்டி, ஒரு பாதியின் வெட்டு முகத்தில் கோடு போட்டுக் காட்டினேன். தோலில் இரண்டு ஈர்க்குச்சி, இரண்டையும் உள்ளே நீட்டினால் நடுவில் சந்திக்கும். மேலிருந்து வரும் வெயில் இணையான கோடுகள். ஒரு குச்சி வெயிலோடு நேராக இருக்கிறது, அதற்கு நிழல் இல்லை. அடுத்த குச்சியின் நுனியில் வெயில் ஒரு கோணம் போடுகிறது, அதே கோணம்தான் பழத்தின் நடுவிலும் இருக்கிறது, ஏன்? கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார் இது அந்த இசட்டு" என்றாள். ஒன்றுவிட்ட உட்கோணத்தை அவர்கள் பள்ளியில் இசட் வடிவம் என்று நினைவு வைத்துக்கொள்வார்கள்.

வெயில் எப்படி இணையாக வரும், நோட்டில் சூரியன் வரைந்தால் கதிர் விரிந்துதானே போகிறது என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நம் இரண்டு ஊரும் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில். 15 கோடிக்கு முன் அந்த இடைவெளி ஒன்றுமே இல்லை என்றேன். தலையை ஆட்டினான். முழுக்க ஒப்புக்கொண்ட ஆட்டல் இல்லை அது.

ஏப்ரல் 24, மதியம் 12:07. சென்னையில் கம்பின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பின் அடிக்குள்ளேயே போய்விட்டது. நட்டு வைத்த பிவிசி பைப்புக்குள் எட்டிப் பார்த்தால் அடித்தரை வரை வெளிச்சம். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் இருந்த தண்ணி பாட்டிலுக்கு நிழல் இல்லை. பிள்ளைகள் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டு தங்கள் நிழலைத் தேடினார்கள், காலுக்கடியில் ஒரு சின்ன வட்டம்தான் இருந்தது. தாளில் "தினமும் 12 மணி" என்று எழுதிய ஒன்பது பேரில் இரண்டு பேர் அப்போதும் "நேத்து நாங்க பாக்கல சார், நேத்தும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்கள். உண்மையில் முந்தின நாளுக்கும் இன்றைக்கும் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அவர்கள் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை.

போன் அடித்தது. "அண்ணே, நிழல் தெக்க விழுது. நான் கம்பை மாத்தி நட்டுட்டேனா?"

மாற்றியெல்லாம் நடவில்லை. நம் ஊரில் நண்பகல் நிழல் வடக்கே விழும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், வருடத்தின் பெரும்பாலான நாளில் அப்படித்தான். ஆனால் அன்று சூரியன் சென்னை மேல் நிற்கிறது, குமரியிலிருந்து பார்த்தால் அது வடக்கே. அப்போது நிழல் தெற்கே கடலைப் பார்த்துத்தான் விழ வேண்டும். பின்னணியில் அவள் பிள்ளைகளிடம் "ஒழுங்கா அளங்க மக்களே, அசையாதீங்க" என்று சத்தம் போடுவது கேட்டது. அளவு சொன்னாள், 9.6 சென்டிமீட்டர். ஒரு போட்டோவும் அனுப்பினாள்.

இப்போது கணக்கு. கோணமானியை வைத்து ஐந்து டிகிரியை அளப்பது பெரிய பாடு, அரை டிகிரி தவறினாலே பத்தில் ஒரு பங்கு போய்விடும். இசட்டு என்று சொன்ன அதே பெண்தான் வேறு வழி பிடித்தாள். கம்பின் உயரம் 100 சென்டிமீட்டர், 100 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் நிழல் அந்த வட்டத்தில் ஒரு சின்னத் துண்டு மாதிரிதானே, அப்படி எத்தனை துண்டு சேர்ந்தால் முழு வட்டம்? கயிற்றில் சாக்பீஸ் கட்டி மாடியில் பெரிய வட்டம் போட்டார்கள். சுற்றளவு 628 சென்டிமீட்டர், சூத்திரத்தில் போட்டும் பார்த்தார்கள், டேப்பில் சுற்றியும் பார்த்தார்கள். 628-ஐ 9.6-ஆல் வகுத்தால் 65 சொச்சம். அப்படியானால் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தைப் போல 65 மடங்கு பூமி. தூரம்? ஒருவன் போனில் பார்த்து 700 கிலோமீட்டர் என்றான். 65 x 700 = 45,500.

புத்தகத்தில் 40,000 என்று போட்டிருக்கிறது. "கிட்ட வந்துடுச்சு சார்" என்று கைதட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், நல்ல போட்டோக்களும் இருந்தன. ஆனால் 14 சதவீதம் தவறு. சின்னத் தவறு இல்லை அது, எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டையைத் தேடியது

தூரத்தில் இருந்த ஓட்டை சீக்கிரம் அகப்பட்டது. "700 கிலோமீட்டர் பஸ் போற ரோடு சார், பஸ் திருச்சி மதுரைன்னு சுத்திப் போகும்." சரி, நேர்கோட்டுத் தூரம் எடுக்கலாமா? அதுவும் கூடாது. நேர்கோடு தென்மேற்காக இறங்குகிறது, நமக்கு வேண்டியது வடக்கு தெற்காக எவ்வளவு இறங்கினோம் என்பது மட்டும். சுவர் வரைபடத்தில் சென்னை வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு, அதிலிருந்து குமரிக்குச் செங்குத்தாக ஸ்கேல் வைத்தால் 22 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர், ஆக 550.

65 x 550 = 35,750. முன்பு அதிகமாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கோபம். தப்பைத் திருத்தினால் விடை சரியாகத்தானே வர வேண்டும், இது என்ன அந்தப் பக்கம் தாண்டிக் குதிக்கிறது? இரண்டு தவறு ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம், ஒன்றை எடுத்ததும் இன்னொன்று வெளியே தெரிகிறது என்று சொன்னேன். ஆனால் அந்த இன்னொன்று எது என்று எனக்கும் அப்போது தெரியாது.

நான்கைந்து நாள் அப்படியே கிடந்தது. போட்டோவை ஒரு பையன் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் சித்தி மகள் தரையில் சாக்பீஸால் வடக்கு தெற்குக் கோடு போட்டு வைத்திருந்தாள், நிழல் அந்தக் கோட்டின் மேல் இல்லை. தெற்கிலிருந்து மேற்காகச் சாய்ந்திருந்தது. "சார், மேற்க சாஞ்சிருந்தா சூரியன் இன்னும் கிழக்கதான இருக்கு? அவங்களுக்கு இன்னும் நண்பகலே ஆகல."

தப்பு என்னுடையதுதான். இரண்டு ஊரிலும் 12:07-க்கு அளக்கச் சொன்னது நான். கடிகாரம் இந்தியா முழுக்க ஒன்று, சூரியன் அப்படி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது. சென்னை அதற்கு 2 டிகிரி சொச்சம் மேற்கே, குமரி 5 டிகிரி மேற்கே. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக குமரியில் சூரியன் உச்சம் தொடச் சென்னையை விட 11 நிமிடம் தாமதம். அன்று அங்கே 12:18-க்கு அளந்திருக்க வேண்டும். ஒரே நேரம் என்றால் ஒரே மணி என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எரட்டோஸ்தனிஸிடம் கைக்கடிகாரமும் போனும் இல்லாதது அவருக்கு நல்லதாகப் போயிற்று. அஸ்வானும் அலெக்சாண்ட்ரியாவுக்கு நேர் தெற்கே இல்லை, 3 டிகிரி கிழக்கே தள்ளித்தான் இருக்கிறது. அவரவர் ஊர் நண்பகலை அவரவர் நிழலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பதால் இந்தக் குழி அவருக்கு இல்லை.

அடுத்த வாய்ப்புக்கு ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் இரண்டு பேர் டியூஷனை விட்டு நின்றுவிட்டார்கள். இருந்தவர்களில் ஒருவன் கேட்ட கேள்வி என்னைக் கொஞ்சம் திணறடித்தது. வரைபடத்தில் பார்த்து 550 என்கிறோம், அந்த வரைபடத்தைப் போட்டவர்களுக்குப் பூமியின் அளவு முன்பே தெரிந்திருக்குமே, அப்போது இது பிட் அடித்த மாதிரிதானே? பாதி உண்மை. பிட் அடிக்காமல் அளந்தவர்கள் கதையைச் சொன்னேன். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி நம் பரங்கிமலைப் பக்கம்தான் முதல் அடிக்கோட்டை அளந்தார், நூறடிச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஏழரை மைல். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போனதுதான் இந்தியப் பெரு முக்கோண அளவை. கோணம் பார்க்க உயரமான இடம் வேண்டும் என்று 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி அடிபட்டது, அதை அவரே உட்கார்ந்து சரி செய்தார். பிள்ளைகளுக்கு இதில் பிடித்தது கயிறு அறுந்ததுதான்.

ஆகஸ்ட்

இந்த முறை நான் நேரம் எதையும் சொல்லவில்லை. நிழல் நுனியை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை புள்ளி வையுங்கள், எப்போது நண்பகல் என்று நிழலே சொல்லட்டும் என்று மட்டும் சொன்னேன். நுனி மங்கலாக இருக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்பது ஏப்ரலிலேயே வந்த புகார். சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை டிகிரி அகலம், அதனால் ஒரு மீட்டர் கம்பின் நிழல் ஓரம் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டருக்குக் கரைந்து போகும். சித்தி மகள் காலண்டர் அட்டையில் ஆணியால் ஓட்டை போட்டுக் கம்பின் தலையில் ஒட்டினாள். அட்டை நிழலுக்கு நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது, அது சூரியனின் படமே. அதன் நடுவில் புள்ளி வைத்தால் போதும். கம்பின் அடியிலிருந்து அளப்பதையும் விட்டுவிட்டார்கள். ஓட்டைக்கு நேர் கீழே குண்டு காட்டிய இடத்திலிருந்து அளவு.

சென்னையில் வெயில் சரியாகக் கிடைத்தது, 12:13-க்கு நிழல் காலடிக்குள் போயிற்று. குமரியில் ஆகஸ்ட் வானம் எப்படி என்று தெரியுமே. 12:14-லிருந்து நாலு புள்ளி வைத்தார்கள், மேகம் மூடிவிட்டது. 12:30-க்குத்தான் மறுபடி வெயில். நண்பகல் நடுவில் எங்கேயோ மேகத்துக்குள் போய்விட்டது. "போச்சுண்ணே" என்றாள் போனில்.

போகவில்லை. அங்கிருந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் இருந்த புள்ளிகளின் மேல் ஸ்கேலை வைத்திருக்கிறான், எல்லாம் ஒரே நேர்கோட்டில் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. கோட்டை இழுத்து, குண்டு காட்டிய புள்ளியிலிருந்து அதற்குச் செங்குத்து வரைந்துவிட்டான். ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்துதான் என்று பாடத்தில் படித்ததாம். அளந்தால் 8.6 சென்டிமீட்டர். செங்குத்து விழுந்த இடம் எந்த நிமிடத்தில் வரும் என்று புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 12:24 என்றும் சொல்லிவிட்டான். பார்க்காத நண்பகலை இப்படிப் பிடித்துக் கொடுத்த அந்தப் பையனை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

628-ஐ 8.6-ஆல் வகுத்தால் 73. 73 x 550 = 40,150. துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீட்டர். இவ்வளவு நெருக்கமாக வந்ததில் அதிர்ஷ்டமும் இருக்கிறது என்று அன்றே சொல்லிவிட்டேன். ஒரு மில்லிமீட்டர் மாறினால் 450 கிலோமீட்டர் மாறும், செய்து பாருங்கள் என்றேன், செய்து பார்த்தார்கள்.

பூமி தட்டையாக இருந்து சூரியன் பக்கத்தில் இருந்தாலும் இதே நிழல்தானே விழும் என்ற கேள்வியும் வந்தது, கேட்டவன் ஏப்ரலில் தலையை ஆட்டிய அதே பையன். ஆமாம், 6,400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு மாதிரி சூரியன் தொங்கினால் இதே 8.6 தான் வரும். இரண்டு ஊர் அளவை மட்டும் வைத்து அதை மறுக்க முடியாது. எரட்டோஸ்தனிஸும் பூமி உருண்டை என்று தெரிந்துகொண்டுதான் அளக்கத் தொடங்கினார். சந்திர கிரகணத்தில் நிலா மேல் விழும் நிழல் எப்போதும் வட்டமாக இருப்பது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம்.

அந்த வாரமே திரும்ப துண்டுத்தாள் கொடுத்தேன், டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் இந்தக் கம்பின் நிழல் எந்தப் பக்கம், சுமார் எவ்வளவு நீளம் என்று. இருந்த 9 பேரில் 7 பேர் வடக்கு என்று எழுதினார்கள். நீளத்தைக் கிட்டத்தட்ட சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர்தான் (74 சென்டிமீட்டர் வரும்). அதில் ஒருவன் தூக்குக்குண்டுக்காரன். நோட்டில் முக்கோணம் வரைந்து ஸ்கேலால் அளந்து எழுதியிருந்தான், 70 என்று.

எல்லோரும் கிளம்பிய பிறகு இசட்டுப் பெண் மட்டும் நின்றாள். நாம் கண்டுபிடித்தது வடக்கு தெற்காகச் சுற்றினால் வருவது, கிழக்கு மேற்காகச் சுற்றினாலும் அதே வருமா என்று கேட்டாள். அதற்கு இன்னொரு கம்பு வேண்டாம், நம்மிடம் 11 நிமிடம் இருக்கிறதே என்றேன். புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. 24 மணி நேரத்துக்கு 1,440 நிமிடம், அதில் எத்தனை 11 இருக்கிறது, 131. வரைபடத்தில் குமரியிலிருந்து சென்னை எவ்வளவு கிழக்கே என்று ஸ்கேல் வைத்தாள், 12 சென்டிமீட்டர், 300 கிலோமீட்டர். பெருக்கினாள். 39,300.

"குறையுதே சார். இதுலயும் தப்பா?"

இந்த முறை எனக்குத் தெரியும். ஒரு சாத்துக்குடியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பென்சிலால் நடு வயிற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டாள், கொஞ்சம் மேலே தள்ளி இன்னொரு கோடு போட்டாள், இரண்டையும் நூல் வைத்து அளக்க ஆரம்பித்தாள்.